பழைய அரூபச் சிற்பத்தை மீண்டும் செதுக்கும்போது வரும் சிக்கல்கள்

கலைக் கல்லூரி நாட்களில் செய்த அரூபச் சிற்பம், அதாவது எந்த உருவத்தையும் நேராகக் காட்டாத சிற்பம் ஒன்று, பல சிற்பிகளின் வீட்டுத் தோட்டத்தில் கிடக்கும். அன்று பெருமையாகத் தெரிந்த வளைவு இன்று அசட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் கல் நல்ல கல். அதையே எடுத்து வேறொன்றாகச் செதுக்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு. இன்றைய கல் விலையில் இன்னும் இயல்பு.

இந்த வேலையில் தலைகாட்டும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்போது பிடித்திருக்கும் உளியால் வருபவை அல்ல. முதல் முறை செதுக்கியபோது கல்லுக்குள் விட்டுப்போனவை: நசுங்கிய படிகம், மறைத்து வைத்த இரும்புக் கம்பி, பசை போட்டு மூடிய பள்ளம், ஊறிப்போன மெழுகு. ஆகவே ஏதாவது கோளாறு கண்டால் அன்று இந்தக் கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள். உங்கள் கல்லில் தெரியும் அறிகுறிக்கு நேராகவே போய்விடலாம். முதல் மூன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

கல்லின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது

உங்கள் கையெழுத்து என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். வேறொருவருடையது என்றால் உளியைக் கீழே வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய சிற்பம் உங்கள் உடைமைதான். ஆனாலும் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைத்திருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்திருந்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. எஞ்சியதை அவரிடமே திருப்பித் தர வேண்டும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. அங்கே வெண்கலம், இங்கே கல், சட்டம் ஒன்றுதான். படைத்தவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அவர் வாரிசுகளிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கிராமத்து வீட்டுக் கொல்லையிலோ பழைய பொருள் விற்கும் கடையிலோ கிடைத்த கல்லாக இருந்தால், நீங்கள் அரூபம் என்று நினைப்பது மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்துபோன ஓர் உருவமாகவும் இருக்கலாம். பின்பக்கத்தில் எழுத்தோ, ஆடை மடிப்போ, பீடத்தின் இதழ் வேலையோ தென்படுகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். அதில் உளி வைக்கக் கூடாது. தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

என்ன கல் என்றே தெரியவில்லை

அடிப்பக்கத்தில், பார்வைக்குப் படாத இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டிக்கொள்ளுங்கள். பழைய மெழுகு போன பிறகுதான் சோதனை எதற்கும் பொருள் உண்டு. நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா? மாக்கல் அல்லது அலபாஸ்டர் என்னும் ஜிப்சக் கல். தொட்டால் வழுக்குவது மாக்கல். நம் வீட்டுக் கல்சட்டி அந்தக் கல்தான். டார்ச்சை ஓரத்தில் வைத்தால் ஒளி உள்ளே இறங்கி மறுபக்கம் மங்கலாகத் தெரிவது அலபாஸ்டர்.

நகம் ஏறாமல் கத்தி ஏறினால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சலவைக்கல் அல்லது சுண்ணாம்புக்கல். டோலமைட் வகைச் சலவைக்கல் சட்டென்று நுரைக்காது. சுரண்டிய பொடியின்மேல் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். கத்தி வழுக்கிப் போய், கத்தியின் இரும்பே சாம்பல் கோடாகக் கல்லில் படிந்தால் கருங்கல்.

சிறு குமிழ்த் துளைகளும் விளிம்பில் அச்சுக் கோடும் தெரிந்தால் அது கல்லே அல்ல. சிமெண்டிலோ பிசினிலோ கல்பொடி கலந்து வார்த்தது. அதைச் செதுக்கலாம்தான், ஆனால் இந்தக் கட்டுரை அதற்குப் பயன்படாது.

எடையையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று கண்ணால் மதிப்பிட்ட கல்தான் இடுப்பைப் பிடித்துவிடுகிறது.

தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது

ஓசையை வைத்துக் கல்லைத் தரம் பிரிப்பது நம் சிற்ப மரபில் பழைய பழக்கம். மாமல்லபுரம் பட்டறைகளில் இன்றும் கல் இறங்கியதும் முதலில் சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். நல்ல கருங்கல் மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும்.

ஆனால் செதுக்கி முடித்த சிற்பத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். மண்ணிலோ மணல் மூட்டையிலோ கிடக்கும் கல் எதுவானாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். இரண்டு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்துவிட்டு, சிறிய சுத்தியலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். முழுக் கல்லும் ஒரே மாதிரி மந்தமாக ஒலித்தால் அது மாக்கல்லின் இயல்பாகவோ, கல்லின் வடிவத்தால் வருவதாகவோ இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

வட்டமிட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, வெயிலில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். கல் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளிறும். விரிசல் மட்டும் குடித்த தண்ணீரை விடாமல், முடி கனத்தில் கறுத்த கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கோடு மறைவதற்குள் பென்சிலால் அதன்மேல் வரைந்துவிட வேண்டும். கோடு மறுபக்கத்திலும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வந்தால் கல் அங்கே ஏறக்குறைய இரண்டாகிவிட்டது. உங்கள் புதிய உருவத்தின் எல்லை அந்தக் கோடுதான். ஒரு பக்கம் மட்டும் என்றால், பெயர்த்தெடுக்கப் போகும் பகுதிக்குள் அது விழும்படி வரைபடத்தைத் திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள். நரம்பையும் விரிசலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நரம்பு என்பது வேறு கனிமம் நிரம்பிய கோடு. அது தண்ணீரைப் பிடித்துவைக்காது. அங்கே உளியின் சத்தம் மாறும், அவ்வளவுதான்.

சலவைக்கல் வெயிலில் பல ஆண்டு கிடந்திருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். சர்க்கரைபோல் உதிர்ந்தால், படிகங்களுக்கு இடையே பிடிப்பு போய்விட்டது என்று பொருள். சூடேறும்போது அதன் படிகம் ஒரு திசையில் நீளும், மற்றொரு திசையில் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் ஒன்றையொன்று விட்டு விலகும். கெட்டியான கல் வரும்வரை சுரண்டுங்கள். விரல் கனத்துக்கு மேல் போக வேண்டியிருந்தால் மெல்லிய வடிவம் எதையும் அந்தக் கல்லில் யோசிக்காதீர்கள்.

நினைத்த உருவம் கல்லுக்குள் அடங்கவில்லை

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. புதுக் கல் பெட்டி வடிவத்தில் வரும். உருவத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பழைய சிற்பத்தில் முதல் சிற்பி ஏற்கெனவே எடுத்துவிட்ட கல் திரும்பி வராது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. இத்தாலியின் கராராவில் வெட்டிய நெடிய சலவைக்கல் பாளம் ஒன்றில் அகொஸ்தினோ தி துச்சோ 1464இல் வேலையை ஏற்றுத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டார். 1476இல் அந்தோனியோ ரொசெலினோ கையில் எடுத்தார், அதுவும் நின்றுபோனது. 1501இல் மைக்கேலாஞ்சலோவிடம் வந்தபோது அந்தக் கல்லில் உயரம் இருந்தது, ஆழம் இல்லை. அவர் அதில் செதுக்கி, ஃபிளாரன்சில் நிற்கும் தாவீதைப் பக்கவாட்டில் பாருங்கள்; எவ்வளவு ஒல்லி! கல் கொடுத்ததற்குள் நின்றுகொண்ட உருவம் அது. ரோமாபுரியில் பேரரசன் நீரோ வீழ்ந்த பிறகு அவன் தலைச் சிற்பங்கள் பலவற்றைப் பின்வந்த பேரரசர்களான வெஸ்பாசியனாகவும் டொமிஷியனாகவும் மாற்றினார்கள். அதுவும் இதே கணக்குதான்: இருக்கிற தலைக்குள் இன்னொரு தலையைத் தேடுவது.

செய்ய வேண்டியது இது. காலிப்பரால் கல்லின் கனத்தை ஒவ்வொரு சாணுக்கும் அளந்து, அந்த இடத்திலேயே மெழுகுப் பென்சிலால் எண்ணை எழுதுங்கள். மிகச் சிறிய எண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து உருவத்தை யோசிக்கத் தொடங்குங்கள். புதிய உருவத்தின் கழுத்தோ மணிக்கட்டோ இடுப்போ அந்த இடத்தில் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்; முகத்தை முதலில் பிடித்த இடத்தில் வைத்துவிட்டு, கால் எங்கே போகும் என்று பிறகு தேடுகிறார்கள்.

மண் மாதிரி செய்யாதீர்கள். களிமண் போதாத இடத்தில் விரல் தானாக ஒரு உருண்டையை எடுத்து ஒட்டிவிடும். துணி சோப்புக் கட்டியை வாங்கி, சிற்பத்தை நான்கு பக்கமும் படமெடுத்து ஒரே அளவில் அச்சிட்டு, முதலில் பழைய சிற்பத்தையே சோப்பில் சிறியதாகச் செதுக்குங்கள். பிறகு அதற்குள்ளிருந்து புதியதை வெட்டியெடுங்கள். இரட்டை வேலை போலத் தோன்றும், ஆனால் ஒரு மாலைப் பொழுதில் முடியும். சோப்பில் அடங்காதது கல்லிலும் அடங்காது. படங்களைத் தலைகீழாகவும் படுக்கையாகவும் திருப்பிப் பார்க்க மறக்க வேண்டாம். நின்ற சிற்பம் படுத்தால் திடீரென்று இடம் கிடைக்கும்.

அரூபச் சிற்பம் என்றால் நடுவில் ஒரு துளை இருக்க வாய்ப்பு அதிகம். ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த் என்ற பிரிட்டிஷ் சிற்பிகளின் காலத்துக்குப் பிறகு உலகமெங்கும் மாணவர்கள் கல்லைத் துளைத்துத் தள்ளினார்கள். துளைக்கு மூன்று வழி உண்டு. ஒரு பக்கச் சுவரை வெட்டித் திறந்து, துளையைக் கைக்கும் உடலுக்கும் இடையிலான வெட்டவெளியாக்கலாம். இன்னும் பெரிதாக்கி அதையே உருவத்தின் மையமாக்கலாம். துளை வழியாகக் கல்லை இரண்டாக அறுத்து இரண்டு சிறிய சிற்பங்கள் செய்யலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. கல்பொடியும் பசையும் கலந்து துளையை அடைப்பது நான்காவது வழி. வெயிலில் அந்தப் பசை மஞ்சளித்து ஊர் முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும்.

நினைக்காத இடத்தில் கல் பெயர்ந்து வருகிறது

விழுந்த சில்லுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை இலையாகத் தட்டையாக இருந்தால் கல்லின் படலத்தோடு உளி ஓடுகிறது. மாக்கல்லிலும் மணற்கல்லிலும் இது சகஜம். உளியின் திசையைப் படலத்துக்குக் குறுக்கே மாற்றுங்கள். முதல் சிற்பி கல்லை எந்த வாட்டத்தில் நிறுத்தினார் என்பதையும் கவனியுங்கள். படலம் செங்குத்தாக நிற்கும்படி வைத்திருந்தால் மெல்லிய நீட்டல்கள் எல்லாம் பலவீனமாகவே இருக்கும்.

சில்லு உருண்டு திரண்டு, கெட்டியாக இருந்தும் ஓரம் பெயர்கிறது என்றால் உளி ஓடும் திசைதான் கோளாறு. வெட்டு எப்போதும் கல்லின் உடம்பை நோக்கிப் போக வேண்டும். காலி ஓரத்தை நோக்கிப் போனால் கடைசி அடியில் ஓரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

பழைய சிற்பத்தில் ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதியில் சுத்தியல் அடியே வேண்டாம். அடியின் அதிர்வு அதன் வேரில் போய்ச் சேரும். வைர பிளேடால் வரி வரியாக அறுத்து, வரிகளுக்கு இடையில் நிற்கும் கல்லை மட்டும் மெதுவாகத் தட்டி எடுங்கள். அடியில் மணல் மூட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். வேலையின் வரிசை முக்கியம்: நுனியை முதலில் முடித்துவிட்டு, வேர்ப்பகுதியைக் கடைசியில் மெலிதாக்குங்கள். அலபாஸ்டரில் பிளேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது; சூட்டில் அதன் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, கண்ணாடிபோல் ஒளி கடத்திய கல் அந்த இடத்தில் சுண்ணாம்பாக வெளுத்துவிடும்.

மேல் தோல் மட்டும் கடினமாக இருந்து உள்ளே எளிதாக ஏறினால் கவலை வேண்டாம். சுரங்கத்திலிருந்து வந்தபோது கல்லில் இருந்த ஈரம் வெளியேறுகையில் சில வகைக் கற்களின் மேற்பரப்பு இறுகிவிடும். பேலூர், ஹளபேடு கோயில்களின் மாக்கல்லைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள். தோலைத் தாண்டும்வரை கார்பைடு முனை உளியைப் பயன்படுத்துங்கள்.

தேய்த்தாலும் வெள்ளைப் புள்ளிகள் போகவில்லை

சலவைக்கல்லைத் தேய்த்து 400 எண் உப்புத்தாள் வரை வந்துவிட்டீர்கள். வழவழப்பாக இருக்கிறது. ஆனால் உள்ளிருந்து அரிசிப் பொரி அளவில் வெண்புள்ளிகள் எட்டிப் பார்க்கின்றன. தண்ணீர் தெளித்தால் மறைகின்றன. காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப வருகின்றன. இன்னும் தேய்த்தால் போய்விடும் என்று 800, 1000 என்று ஏறிக்கொண்டே போவீர்கள். போகாது.

அது அழுக்கல்ல, அடிபட்ட காயம். கூர் உளியைக் கல்லுக்கு நேர் செங்குத்தாகப் பிடித்து ஓங்கி அடித்தால், சில்லு பெயர்வதோடு நிற்காமல் உளிமுனைக்குக் கீழே உள்ள படிகங்கள் நசுங்கும். நசுங்கிய படிகத்தில் ஆயிரம் நுண்விரிசல்கள். ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பியடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்த விரிசல்களை நிரப்பும்போது மறைகிறது. சில மில்லிமீட்டர் ஆழம் வரை இது இறங்கியிருக்கும். மாணவர் கைவேலையில் இது நிறைய. சாய்த்துப் பிடிக்கப் பழகும்வரை எல்லோரும் செங்குத்தாகத்தான் அடிப்பார்கள்.

பழைய சிற்பத்தில் கொத்திய தடம் அப்படியே விட்ட பகுதிகள் உண்டா என்று பாருங்கள். அந்தக் காலத்துக்கு அது ஒரு பாணி: ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் கொத்தல். கொத்திய பக்கத்தைப் புதிய உருவத்தில் பளபளப்பாக்கத் திட்டமிட்டிருந்தால், மேற்பரப்பிலிருந்து அரை அங்குலமாவது இழக்கத் தயாராக இருங்கள். அதற்கும் கனம் இல்லையென்றால் அந்தப் பகுதியைப் பளபளப்பாக்காமல், பல் உளித் தடத்தோடு விட்டுவிடுங்கள். சொரசொரப்பான தளத்தில் வெண்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகளை எடுத்தே தீர வேண்டுமென்றால் மெல்லிய தாளுக்கு ஏறாமல் திரும்பக் கீழே இறங்கி, தட்டை உளியால் அந்தப் பகுதி முழுவதையும் ஒரே சீராக வழித்தெடுங்கள். புள்ளியை மட்டும் தோண்டினால் பள்ளம்தான் மிஞ்சும்.

கருங்கல்லில் பொளிந்த தளத்துக்கும் இதே விதி. பொளிந்த கல் சாம்பலாக வெளிறியிருப்பது அந்தக் காயத்தால்தான். பிளேடு வைத்து அந்த அடுக்கைச் சீவினால்தான் கீழே கறுப்பு வரும்.

இருமல் வருகிறது

கல்லை விட்டு உங்களைக் கவனியுங்கள். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். அந்தத் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆனால் மருந்து கிடையாது. மாக்கல் மென்மையானது என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். சில வகைகளில் கல்நார் கலந்திருக்கும். தண்ணீர் விட்டு வெட்டுங்கள். கைக்குட்டை பயன்படாது, என்95 முகக்கவசமாவது வேண்டும், மிஷின் ஓட்டினால் வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி. துடைப்பம் எடுத்துப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். தண்ணீர் விடும் இடத்தில் சாதாரண மின் மிஷின் ஓட்டுவது ஆபத்து. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் தொடாதீர்கள்.

பழுப்புக் கறை கசிகிறது, அல்லது உளி திடீரென்று எதிலோ முட்டுகிறது

உள்ளே இரும்பு இருக்கிறது. ஒடிந்த பகுதியை ஒட்டவோ, பீடத்தில் நிறுத்தவோ அன்று சாதாரண இரும்புக் கம்பியைச் செருகியிருப்பார்கள். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். எனவே துருக் கறைக்கு அருகில் விரிசலையும் தேடுங்கள்.

சிறிய வலுவான காந்தத்தை நூலில் கட்டி, கல்லின் ஓரமாக ஊசலாட விடுங்கள். கம்பி மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருந்தால் காந்தம் அந்த இடத்தில் தயங்கிச் சாயும். கறுப்புக் கல்லில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சிலவற்றில் காந்தக் கனிமம் இயற்கையாகவே இருப்பதால் கல் முழுவதுமே காந்தத்தை இழுக்கும்.

பசை போட்டு மூடிய இடங்களைக் கண்டுபிடிக்க, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச் போதும். இருட்டறையில் அடித்துப் பார்த்தால் பழைய எபாக்சியும் மார்பிள் பேஸ்டும் கல்லிலிருந்து தனித்து வெளிறி ஒளிரும். வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத சிற்பத்தில் ஒரு முழு வளையம் ஒளிர்வதைப் பார்த்தால் திடுக்கிடத்தான் செய்யும். அந்த இணைப்பை இப்போதே பிரித்துவிடுங்கள். வேலையின் நடுவில் அது தானாகப் பிரிவதைவிட நல்லது. சலவைக்கல், கருங்கல் என்றால் வெப்பக்காற்று மிஷினால் மெல்லச் சூடேற்றினால் எபாக்சி இளகும். அலபாஸ்டரில் சூடு கூடாது.

கம்பியை எடுக்க, அதைச் சுற்றி வைரத் துளைமுனையால் தண்ணீர் விட்டு வளையமாகத் துளைத்து, கம்பியோடு சேர்த்துக் கல் உருளையை வெளியே எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். கறை போகவில்லை என்று சலவைக்கல்லில் அமிலம் ஊற்றாதீர்கள். துருவோடு கல்லும் கரையும்.

ஒரு பகுதி கையோடு வந்துவிட்டது

உடைந்த முகத்தைத் துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அந்தக் கரடுமுரடுதான் பூட்டுச் சாவி போல் பொருந்தப் போகிறது. பொடிந்த சில்லுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

உள்ளங்கைக்கு அடங்கும் துண்டு என்றால் எபாக்சி மட்டும் போதும். பெரிதென்றால் துருப்பிடிக்காத எஃகில் மரை போட்ட கம்பி வேண்டும். வெளியில் நிற்கும் சிற்பத்துக்கு 316 தரம். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் அமைவதுதான் கடினமான வேலை. முதலில் ஒரு பக்கம் மட்டும் துளையுங்கள். துளையின் விளிம்பில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துண்டை அதன் இடத்தில் ஒருமுறை பொருத்தி எடுங்கள். மறுமுகத்தில் கரிவளையம் பதிந்திருக்கும்; அதன் நடுவில் துளையுங்கள். துளையிடும் மிஷினில் சுத்தியல் விசையை அணைத்துவிடுங்கள். துளை கம்பியைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் பசைக்கு இடம் கிடைக்கும். பசையை விளிம்புவரை தடவ வேண்டாம். அரை விரற்கடை உள்ளேயே நிறுத்துங்கள். அழுத்தும்போது அது ஓரத்துக்கு வந்து சேரும். பிதுங்கி வழிந்தால் கல் அதைக் குடித்து, கறுத்த கோடு நிரந்தரமாகிவிடும்.

உடைந்தது கல்லின் தீர்ப்பாகவும் இருக்கலாம். ஒட்டுவதற்கு முன் அந்தத் துண்டு இல்லாமலே உருவம் நன்றாக இருக்கிறதா என்று ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

பாலிஷ் ஏறவில்லை

முன்னெண் தாளின் கீறல் போகாமல் அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். 60ஆம் எண்ணின் கீறல் 600இல்தான் கண்ணில் படும். ஒவ்வொரு தாளுக்கும் முன் தளம் முழுவதும் பென்சிலால் கிறுக்குங்கள். கறுப்புக் கல்லில் வெள்ளைப் பென்சில். கிறுக்கல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த எண். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். கருங்கல்லுக்குத் தாள் போதாது, வைரப் பட்டைகள் வேண்டும்.

திட்டுத் திட்டாக ஏறினால் அங்கே பழைய மெழுகோ எண்ணெயோ ஊறியிருக்கிறது. டர்பென்டைனில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஆழமாக ஊறிய எண்ணெய்க்கு, சுண்ணாம்புக்கல் பொடியை (சுட்ட சுண்ணாம்பு அல்ல) அசிட்டோனில் குழைத்துக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அறையில் அடுப்போ சிகரெட்டோ கூடாது.

பழைய தளமும் புதிய தளமும் இரண்டு நிறமாக இருக்கின்றன

இருக்கத்தான் செய்யும். தேநீர் தடவுவது, புகை காட்டுவது எல்லாம் விற்பனைக்காரர் வித்தை. ஒன்று, எல்லாத் தளத்தையும் புதிதாக்குங்கள்; அல்லது நிற வேறுபாட்டை உருவத்தின் எல்லைக்கோட்டோடு பொருந்தும்படி நிறுத்துங்கள்.

எவ்வளவு செதுக்கியும் பழைய சிற்பமே தெரிகிறது

பழைய வளைவு ஒன்றை விட மனமில்லாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாகப் பாலிஷ் ஏறிய அந்த ஒரு தோள், அந்த ஒரு விளிம்பு. புதிய உருவம் அதைச் சுற்றி வளைந்துகொண்டே போகிறது. பார்ப்பவர் கண்ணும் அங்கேதான் போகிறது. அந்தப் பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். அது போனதும் மீதி வேலை தானாக வேகம் பிடிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத் துணிந்து செய்தால். மைக்கேலாஞ்சலோ 1564 பிப்ரவரியில் இறப்பதற்குச் சில நாள் முன்வரை ஒரு பியேத்தாவை, அதாவது இறந்த கிறிஸ்துவை மரியாள் தாங்கியிருக்கும் சிற்பத்தை, மாற்றிக்கொண்டே இருந்தார். இன்று மிலான் நகரத்து ஸ்ஃபோர்சா கோட்டையில் இருக்கும் ரொண்டனினி பியேத்தா அது. தான் முன்பு செதுக்கிய கிறிஸ்துவைக் கைவிட்டு, மரியாளின் உடலுக்குள் எஞ்சியிருந்த கல்லிலிருந்து மெலிந்த வேறொரு கிறிஸ்துவை எடுத்தார். பழைய உருவத்தின் வலக்கை மட்டும் எதிலும் சேராமல், முழுமையாகப் பாலிஷ் ஏறிய நிலையில் இன்றும் தனியாக நிற்கிறது. அந்தக் கை அங்கே பொருந்துவதற்குக் காரணம், அதை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. பழையதை வைத்தால் அப்படிப் பச்சையாக வைக்க வேண்டும். புதிய உருவத்துக்குள் நைசாக நுழைத்து ஒப்பேற்றினால் இரண்டும் கெடும்.

பீடத்தில் நிற்கவில்லை

கல் எடுத்த பக்கம் இலேசாகி எடைமையம் நகர்ந்துவிட்டது. பழைய பீடத் துளையை அப்படியே பயன்படுத்த முயலாதீர்கள். தடித்த இரும்புக் குழாய் ஒன்றின்மேல் கல்லை வைத்து, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்காகத் திருப்பி மறுபடி ஒருமுறை. இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிக்கு நேர் மேலே எடைமையம் இருக்கிறது. கம்பியை அங்கே இறக்குங்கள்.

வெளியே வைத்த கொஞ்ச காலத்தில் மங்கிவிட்டது

அலபாஸ்டர் தண்ணீரில் கரையும் கல். அதை வெளியில் வைத்ததே தவறு, உள்ளே கொண்டுவாருங்கள். சலவைக்கல்லின் பளபளப்பு மழையில் தாங்காது. 220 எண்ணோடு நிறுத்திய மங்கலான தளம்தான் வெளியில் நன்றாக மூப்படையும். மாக்கல்லுக்கு மெழுகு போதும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும். ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். எந்தக் கல்லானாலும் அடிப்பக்கத்தில் வார்னிஷ் பூச வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்பாகப் பூக்கும். பீடத்துக்கும் கல்லுக்கும் இடையில் ஈயத் தகடோ நைலான் வளையமோ வைத்து ஒரு நூல் இடைவெளி விட்டால் ஈரம் ஏறாது.